பயணியர் பெயரேடு

போர் புரிவோர் வேறு, வழிச்செல்வோர் வேறு என்னும் பாகுபாடு பழந்தமிழர் அறிந்ததேயாம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதி, அம்பு தொடுக்குமுன் பெண்டிரையும் பிணியுடையோரையும் அரண் சேருமாறு அறிவித்த அறநெறியைப் புறநானூறு போற்றுகின்றது. உலக நாடுகள் 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைகளில் எழுதி ஒப்புக்கொண்டதும் இந்நெறியை ஒத்ததே. ஆயினும் நிலத்தில் உள்ளார்க்கு ஓடி ஒளிய இடமுண்டு. நடுக்கடலிற் செல்லும் பயணிக்கு அதுவும் இல்லை.

1915 மே 7 அன்று, அயர்லாந்துக் கரைக்கு அப்பால், 'லூசித்தானியா' என்னும் பெரும் பயணிகள் கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கியொன்று தாக்கிற்று. பதினெட்டு நிமிடங்களிற் கப்பல் மூழ்க, பயணிகளும் மாலுமிகளுமாக ஏறத்தாழ 1,200 பேர் மாண்டனர். எனினும் கப்பற் கம்பெனியாரிடம் பயணியர் பெயரேடு இருந்தது. ஆதலின் ஒரு நூற்றாண்டு கடந்த பின்னரும் இறந்தோருட் பெரும்பாலோர் பெயர் உலகறிய நிற்கின்றது.

நாள்தோறும் கரைக்கும் தீவுக்கும் இடையே ஓடும் சிறு படகுகட்கு இத்தகைய ஏடு அமைவது அரிது. இதன் விளைவை யாழ்ப்பாணத் தீவுப்பகுதி நன்கறியும். வேலணையும் புங்குடுதீவும் தாம்போதிகளாற் குடாநாட்டோடு இணைந்தவை. நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் கடலே பாதை. நெடுந்தீவார் மேற்படிப்புக்கும் சந்தைக்கும் கச்சேரிக்கும் செல்லவேண்டின், முதலிற் புங்குடுதீவின் குறிகட்டுவான் துறையை அடைதல் வேண்டும்.

உள்நாட்டுப் போர்க்காலத்தில், 1985 மே 14 அன்று, அநுராதபுரத்திற் பொதுமக்கள் 146 பேர் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். மறுநாட் காலை, நெடுந்தீவினின்று குறிகட்டுவான் நோக்கிப் பயணிகளோடு சென்ற 'குமுதினி' என்னும் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டது. பயணிகள் வாளாலும் கோடரியாலும் வெட்டுண்டனர். பெண்டிரும் குழந்தைகளும் அவருள் அடங்குவர். இதனைச் செய்தோர் கடற்படையினரே எனத் தப்பியோர் சாட்சியம் கூறினர். அச்சாட்சியங்களைத் திரட்டிய சர்வதேச மன்னிப்புச் சபை, இறந்தோர் குறைந்தது 23 பேர் என்றது. தீவார் ஆண்டுதோறும் நினைவுகூரும் தொகையோ 36.

இவ்விரு தொகைகட்கும் இடையே நிற்போர் பதின்மூவர். கணக்கிற் சிறிதாகத் தோன்றும் இவ்வேறுபாடு, ஒவ்வொரு வீட்டிலும் ஒரு முழு வாழ்வாகும். பெரும் கப்பலிற் சென்றோர்க்குக் கம்பெனி செய்த பணியைச் சிறு படகிற் சென்றோர்க்கு ஊரே செய்தல் வேண்டும். ஆண்டு நினைவுநாளிற் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தல் வெறுஞ் சடங்கன்று. எழுதப்படாத பெயரேட்டைப் பின்னர் எழுதி முடிக்கும் முயற்சியே அது.

குமுதினி செப்பனிடப்பட்டு மீண்டும் சேவைக்கு வந்தது. தீவார் அதிலேயே ஏறிப் பயணஞ் செய்தனர். கடலைக் கடந்தாலன்றி அவர்க்கு வாழ்வில்லை. வழிச்செல்வோரைக் காத்தல் போரிடும் எத்தரப்பார்க்கும் நீங்காக் கடன் என்பதை இதனினும் தெளிவாக உணர்த்துவது யாது?