பெருக்கல் தெரியாத பெட்டி

திண்டுக்கல் பக்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். அவருடைய சித்தப்பா மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசித்தவர். வீட்டை ஒழிக்கும்போது பரணிலிருந்து யமஹா டிஎக்ஸ்7 சின்தசைசர் ஒன்று இறங்கியிருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் விளக்கு எரிகிறது. ஆனால் திரையில் கண்டபடி எழுத்துகள். கட்டையை அழுத்தினால் கரகரவென்று ஏதோ ஓசை. “எடைக்குப் போட்டுவிடலாமா சார்?” என்று கேட்கிறார்.

வேண்டவே வேண்டாம். அதன் உள்ளே, சர்க்யூட் பலகையில், 3 வோல்ட் பட்டன் பேட்டரி ஒன்றைச் சால்டர் செய்து வைத்திருப்பார்கள். சிஆர்2032 என்ற, இன்றும் எந்தக் கடையிலும் கிடைக்கும் வகைதான். மின்சாரம் இல்லாத நேரத்தில் கருவியின் 32 ஒலிகளையும் நினைவில் வைத்திருப்பது அது ஒன்றே. அது தீர்ந்துபோனால் கருவி எல்லாவற்றையும் மறந்துவிடும். நான் என்னுடையதை வாங்கியபோதும் இதே நிலைதான். நல்ல மெக்கானிக் ஒருவர் பழைய பேட்டரியை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஹோல்டரைப் பொருத்தித் தந்தார். அதன்பின் ஆலை ஒலிகளைக் கணினியிலிருந்து மிடி இணைப்பு வழியே திரும்ப ஏற்றிக்கொண்டேன். ஓர் ஒலிக்கு 128 பைட். 32 ஒலிகளுக்கும் சேர்த்து 4,096 பைட். ஒலிகளுக்கான அதன் முழு நினைவும் இவ்வளவுதான்.

ஆலையிலிருந்து வந்த ஒலிகள் இன்று இலவசமாகவே கிடைக்கின்றன. சித்தப்பா தானே உட்கார்ந்து செய்த ஒலி ஏதாவது உள்ளே இருந்திருந்தால் அது போனது போனதுதான். பேட்டரியின் வோல்டேஜைக் கருவியே திரையில் காட்டும். 3-லிருந்து அது இறங்கத் தொடங்கியதுமே ஒலிகளைக் கணினியில் சேமித்துவிட்டுப் பேட்டரியை மாற்றுவது ஒரு மணி நேர வேலை. அதைச் செய்யாமல் எத்தனையோ வாசிப்பாளர்களின் உழைப்பு பரண்களில் அழிந்துகொண்டிருக்கிறது என்பதை நினைத்தால் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

1983-இல் வந்த கருவி இது. அதற்கு முந்தைய சின்தசைசர்களில் பெரும்பாலானவை மின்சுற்றால் ஓர் அலையை உண்டாக்கி, வேண்டாத பகுதியை வடிகட்டிக் கழித்து ஒலி செய்தன. ஒரே நேரத்தில் பல சுரங்களை ஒலிக்கவிடுவது அவற்றுக்குப் பெருஞ்செலவு. டிஎக்ஸ்7 ஒரே நேரத்தில் 16 சுரங்களை ஒலித்தது. எல்லாமே எண்களாலான கணக்கு. அமெரிக்காவில் அதன் விலை 2,000 டாலருக்குச் சற்றுக் குறைவு. ஒன்றரை லட்சத்துக்கும் மேல் விற்றது.

அந்தக் கணக்கைக் கண்டுபிடித்தவர் பொறியாளர் இல்லை, இசையமைப்பாளர். பாரிசில் இசை ஆசிரியர் நாடியா பூலான்ஜேயிடம் படித்துவிட்டு ஸ்டான்ஃபோர்டுக்கு வந்த ஜான் சௌனிங், 1967-இல் அங்கிருந்த செயற்கை நுண்ணறிவு ஆய்வகத்தின் கணினியில் அசைவுகளைச் சோதித்துக்கொண்டிருந்தார். வயலின்காரர் தந்தியின் மேல் விரலை ஆட்டும்போது சுருதி நொடிக்கு ஐந்தாறு முறை ஏறி இறங்கும் இல்லையா, அந்த அசைவு. கணினியில் அதை எவ்வளவு வேகமாகவும் ஆட்டலாம். நொடிக்கு இருபது முறையைத் தாண்டி, நூற்றுக்கணக்கில் கொண்டுபோனபோது சுருதி ஆடுவது காதுக்குத் தெரியாமல் போனது. அதற்குப் பதில் ஒலியின் நிறமே மாறியது. ஒன்றை ஒன்று ஆட்டும் இரண்டே எளிய அலைகளிலிருந்து, டஜன் கணக்கில் அலைகளைக் கூட்டினால்தான் கிடைக்கக்கூடிய ஒலி வந்தது. எஃப்.எம். (அதிர்வெண் பண்பேற்றம்) என்ற இந்த முறையை 1973-இல் கட்டுரையாக வெளியிட்டார். ஸ்டான்ஃபோர்டு இதன் உரிமத்தை முதலில் அமெரிக்க ஆர்கன் நிறுவனங்களுக்குத்தான் காட்டியது. அவர்கள் கைவிரித்துவிட்டார்கள். ஜப்பானிலிருந்து வந்த யமஹாவின் இளம் பொறியாளர் கசுகியோ இஷிமுரா சில நிமிடங்களில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்; பின்னாளில் அவர் அந்த நிறுவனத்தின் தலைவரானார். இதற்கிடையே அதே ஸ்டான்ஃபோர்டு சௌனிங்குக்கு நிரந்தரப் பதவி தர மறுத்து அனுப்பிவிட்டது, பிறகு திரும்ப அழைத்துக்கொண்டது. காப்புரிமை வழியாக அந்தப் பல்கலைக்கழகத்துக்குக் கிடைத்த வருவாய் இரண்டு கோடி டாலருக்கு மேல்.

ஆட்டும் அலைக்கு மாடுலேட்டர் என்றும் ஆடும் அலைக்கு கேரியர் என்றும் பெயர். நம் காதுக்கு வருவது கேரியர் மட்டும். கேரியர் 440 ஹெர்ட்ஸ், மாடுலேட்டர் 880 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 440-உடன் 880-ஐக் கூட்டிக்கொண்டே போனால் 1,320, 2,200, 3,080 என்று புதிய அதிர்வெண்கள் பிறக்கும். கழித்தால் வரும் எதிர்மறை எண்களும் வீணாவதில்லை, அவை திரும்பி மடிந்து அதே இடங்களில் விழும். கிடைப்பது ஒற்றைப்படை மடங்குகள் மட்டும் கொண்ட, கிளாரினெட் சாயலுள்ள ஒலி. மாடுலேட்டரை 620 ஹெர்ட்ஸுக்கு மாற்றினால் 180, 440, 800, 1,060, 1,680 என்று ஒன்றுக்கொன்று முழு விகிதத்தில் பொருந்தாத அதிர்வெண்கள் வரும். அது மணியோசை, உலோகம். டிஎக்ஸ்7-இன் புகழ்பெற்ற குழாய்மணி ஒலியின் மையத்தில் இருப்பது 1-க்கு 3.5 என்ற விகிதம். ‘ஈ பியானோ 1’ என்ற, அந்தப் பத்தாண்டின் மேற்கத்தியக் காதல் பாடல்களில் எல்லாம் கேட்ட மின்பியானோ ஒலியில், தட்டும் கணத்தில் ‘டிங்’ என்று மின்னும் பகுதி 1-க்கு 14 என்ற விகிதத்திலிருந்து வருகிறது. இப்படிப்பட்ட அலைகள், அதாவது ஆபரேட்டர்கள், ஒவ்வொரு சுரத்துக்கும் ஆறு. எது எதை ஆட்டுவது என்பதற்கு 32 அமைப்புகள். அந்த 32 அமைப்புகளின் படங்களும் கருவியின் முகப்பிலேயே அச்சிடப்பட்டிருக்கின்றன.

இனி வருவதுதான் எனக்கு இந்தக் கருவியில் மிகப் பிடித்த சங்கதி.

16 சுரம், சுரத்துக்கு ஆறு ஆபரேட்டர், ஆக 96. ஒவ்வொன்றின் மதிப்பையும் நொடிக்கு 49,096 முறை புதிதாகக் கணக்கிட வேண்டும். பெருக்கிப் பார்த்தால் நொடிக்கு 47 லட்சம் தடவை. ஒவ்வொரு தடவையும் ஒரு சைன் மதிப்பைக் கண்டுபிடித்து அதை ஒலியளவால் பெருக்கியாக வேண்டும். அந்தக் காலத்துச் சிப்பில் பெருக்கல் சுற்று என்பது நிறைய இடத்தை அடைக்கும், நேரமும் எடுக்கும். இரண்டாயிரம் டாலர் கருவிக்கு அது கட்டுப்படியாகாது. யமஹாவின் பொறியாளர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? பெருக்கலையே விட்டுவிட்டார்கள்.

ப்ளஸ் டூ இயற்பியல் செய்முறைத் தேர்வுக்கு நாங்கள் கிளார்க்ஸ் டேபிள் என்ற லாகரித அட்டவணைப் புத்தகத்தைக் கையில் எடுத்துக்கொண்டு போவோம். கால்குலேட்டருக்கு அனுமதி கிடையாது. 3.14-ஐ 27.3-ஆல் பெருக்க வேண்டுமா? முதல் எண்ணுக்கு லாக் 0.4969, இரண்டாவதுக்கு 1.4362. இரண்டையும் கூட்டினால் 1.9331. ஆன்டிலாக் பக்கத்தைத் திருப்பினால் 85.72 என்று விடை கையில் இருக்கும். பெருக்கல் கூட்டலாக மாறிவிட்டது. டிஎக்ஸ்7-இன் உள்ளே இருப்பது இதே புத்தகம்தான். சைன் மதிப்புகளை அப்படியே வைக்காமல், அவற்றின் லாகரிதங்களை ஒரு நிலையான நினைவகத்தில் பொறித்து வைத்திருக்கிறார்கள். ஒலியளவும் லாகரிதமாகவே வந்து சேர்கிறது. இரண்டையும் கூட்டி, இன்னொரு நினைவகத்தில் உள்ள ஆன்டிலாக் அட்டவணையில் பார்த்தால் வேலை முடிந்தது.

ஒற்றுமை அதோடு நிற்கவில்லை. கிளார்க்ஸ் டேபிளில் தசமப் புள்ளிக்கு வலப்புறம் உள்ளதை மட்டும்தான் தேடுவோம். இடப்புறத்து முழு எண், விடையில் புள்ளி எங்கே விழும் என்பதை மட்டும் சொல்லும். அதனால்தான் அத்தனை சிறிய புத்தகம் போதுமாக இருந்தது. இந்தச் சிப்பிலும் அப்படியே. இங்கே அடிமானம் பத்துக்குப் பதில் இரண்டு. முழு எண் பகுதி, விடையை எத்தனை இடம் நகர்த்த வேண்டும் என்று சொல்கிறது. அட்டவணையில் பின்னப் பகுதி மட்டும் இருந்தால் போதும். சைன் அலையிலும் கால்பங்கைத்தான் சேமித்திருக்கிறார்கள். மீதி முக்கால்பங்கும் அதன் பிரதிபலிப்பு. எதிர்மறை எண்ணுக்கு லாகரிதம் கிடையாது என்பதால் குறியைத் தனியாகப் பத்திரப்படுத்தி, கடைசியில் சேர்த்துக்கொள்கிறார்கள். 2021-இல் கென் ஷிரிஃப் என்ற அமெரிக்கப் பொறியாளர் இந்தச் சிப்பை நுண்ணோக்கியில் படமெடுத்து, டிரான்சிஸ்டர் டிரான்சிஸ்டராக ஆராய்ந்து எழுதினார். அதைப் படித்த அன்று நான் அடைந்த மகிழ்ச்சியைச் சொல்லி முடியாது.

சிக்கனத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு இசைக்கும் நன்மையாக முடிந்ததுதான் ஆச்சரியம். கோயில் மணியை அடித்தால் ஒலி முதலில் சட்டென்று குறைந்து, பிறகு நெடுநேரம் இழுத்து அடங்கும். ஒவ்வொரு கணமும் இருப்பதில் ஒரு குறிப்பிட்ட பங்கை இழப்பதால் வரும் தேய்வு அது. லாகரிதக் கணக்கில் இதற்கு ஒவ்வொரு கணமும் ஒரே அளவைக் கழித்துக்கொண்டு போனால் போதும், நேர்கோடாக இறங்கும். ஆன்டிலாக் போட்டு வெளியே வரும்போது அது மணியின் இயற்கையான தேய்வாக மாறியிருக்கும். நம் காதும் ஒலியின் அளவை ஏறக்குறைய லாகரித முறையில்தான் உணர்கிறது.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது கட்டையின் தொடு உணர்வு. மெதுவாக அடிக்கும்போதும் ஓங்கி அடிக்கும்போதும் சத்தத்தின் அளவு மட்டும் மாறுவது ஒரு சாதாரண ஏற்பாடு. டிஎக்ஸ்7-இல் அடியின் வேகம் மாடுலேட்டரின் பலத்தைக் கூட்டலாம். ஓங்கி அடித்தால் புதிய அதிர்வெண்களே முளைக்கும், ஒலியின் நிறம் மாறும். விரல் ஒலியைச் செய்கிறது என்ற உணர்வு அப்படித்தான் வருகிறது. இன்றைய மலிவுக் கீபோர்டுகள் பலவற்றில் டிஎக்ஸ் பியானோ என்று ஒரு பொத்தான் இருக்கும். ஒரே ஓர் அடியைப் பதிவுசெய்து வைத்து, அதையே பெரிதாகவும் சிறிதாகவும் ஒலிக்க விடுவார்கள். கேட்டால் அதே ஒலிபோல இருக்கும், விரலுக்குக் கட்டுப்படாது. அதைக் கேட்டுவிட்டு எஃப்.எம். ஒலி உயிரற்றது என்று தீர்ப்புச் சொல்பவர்களிடம் நான் விடாமல் வாதாடியிருக்கிறேன்.

உயிரற்றது என்ற பெயர் வந்ததற்கு அந்தக் காலத்து வாசிப்பாளர்களும் ஒரு காரணம். பழுதுபார்க்க வரும் டிஎக்ஸ்7-களில் பெரும்பாலானவற்றில் ஆலை ஒலிகள் தொடப்படாமல் அப்படியே இருந்தன என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். டேவ் பிரிஸ்டோவும் கேரி லூயன்பெர்கரும் ஆலைக்காகச் செய்து கொடுத்த ஒலிகள் அருமையானவை, சந்தேகமில்லை. ஆனால் உலகமே அந்த 32 ஒலிகளை அழுத்தி அழுத்தி வாசித்தால் கேட்பவருக்கு அலுக்கத்தானே செய்யும்? பிரையன் ஈனோ போன்ற சில இசைக்கலைஞர்கள்தான் உள்ளே இறங்கி, இதற்குள் வேறொரு உலகம் இருக்கிறது என்று காட்டினார்கள். பிரிஸ்டோ பின்னர் சௌனிங்குடன் சேர்ந்து, இசைக்காரர்களுக்காகவே எஃப்.எம். பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அதைத் தேடிப் படித்தவர்கள் குறைவு. இப்போது இன்னொரு கூட்டம் கிளம்பியிருக்கிறது. பழையது, அரியது என்று விலை பேசி வாங்கி, வரவேற்பறைச் சுவரில் சாய்த்து வைத்துவிடுகிறார்கள். பரணில் கிடப்பதற்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

உள்ளே இறங்குவது சிரமம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒலியை மாற்றுவதற்கு இருப்பது சில தட்டைப் பொத்தான்களும் ஒரே ஒரு தள்ளுகோலும்தான். திரையில் வரிக்குப் பதினாறு எழுத்தாக இரண்டு வரி, பின்விளக்கு கிடையாது. முதுகை வளைத்துக்கொண்டு, மேசை விளக்கைப் பக்கவாட்டில் பிடித்துத்தான் படிக்க வேண்டும். 1987-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் கருவிகளில் இந்தக் குறை இல்லை. முதல் தலைமுறையில் பின்னணியில் மெல்லிய இரைச்சலும் உண்டு, எண்ணை மின் அலையாக மாற்றும் பகுதி வெறும் 12 பிட் என்பதால். எனக்கு அந்த இரைச்சல் பிடிக்கும். வாங்குவதென்றால் ஒவ்வொரு கட்டையையும் தனித்தனியாக மெதுவாகவும் ஓங்கியும் அடித்துப் பாருங்கள், ஒவ்வொரு பொத்தானையும் அழுத்திப் பாருங்கள். பின்புறத்தில் எழுதியிருக்கும் வோல்டேஜையும் படியுங்கள். ஜப்பானில் விற்பதற்காகச் செய்தது 100 வோல்ட்; ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் இல்லாமல் நம் வீட்டுச் சுவரில் செருகவே கூடாது. எடை 14 கிலோ, தூக்க ஆள் வேண்டும்.

கருவி கையில் இல்லாதவர்கள் டெக்ஸெட் என்ற இலவச மென்பொருளில் இதையே பழகலாம். கணக்கு ஒன்றுதான்.

பழகத் தொடங்கும் வழி இது. முதலில் ‘வாய்ஸ் இனிட்’ கொடுங்கள். எல்லாம் துடைக்கப்பட்டு, முதல் ஆபரேட்டர் மட்டும் மொட்டையான ஒரு சைன் அலையாக ஒலிக்கும். இரண்டாவது ஆபரேட்டர் அதை ஆட்டும் இடத்தில்தான் இருக்கிறது, அதன் அளவு பூஜ்யம், அவ்வளவே. ஒரு கட்டையை அழுத்திக்கொண்டே அந்த அளவை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். 50 வரை பெரிதாக ஒன்றும் தெரியாது. அதன்பின் ஒலி பளிச்சிடும், கூர்மையாகும், 80-ஐத் தாண்டினால் பித்தளை வாத்தியம்போலக் கத்தத் தொடங்கும். இப்போது இரண்டாவது ஆபரேட்டரின் விகிதத்தை 1.00-லிருந்து 1.41-க்கு மாற்றினால் உலோகம் வரும். இரண்டு ஆபரேட்டர்களும் மெல்லத் தேய்ந்து அடங்கும்படி அமைத்து, இரண்டாவது சற்று முன்னதாகவே ஓயும்படி வைத்தால் மணி. அந்த இரண்டாவது ஆபரேட்டரின் தொடு உணர்வை 7-க்கு ஏற்றிவிட்டு, மெதுவாக ஒரு முறை, ஓங்கி ஒரு முறை அடித்துக் கேளுங்கள். ஒலி பிடித்திருந்தால் நினைவகப் பூட்டைத் திறந்துவிட்டு, பத்து எழுத்துக்குள் ஒரு பெயர் வைத்துச் சேமியுங்கள். திரையில் தமிழ் வராது. பெயரை ஆங்கில எழுத்தில்தான் எழுத வேண்டும்.