கனவு நகரும் மணற்குழியும்

இரண்டாம் உலகப் போரின் இறுதிக் குளிர்காலத்தில் நெதர்லாந்து நாட்டின் மேலைப் பகுதியில் உணவும் எரிபொருளும் அற்றுப்போயின. ஏறத்தாழ 20,000 பேர் மாண்டனர். ஆம்ஸ்டர்டாம் நகரில், நாசிகள் யூதரைக் கொண்டுசென்றபின் அவர்தம் இல்லங்கள் பாழ்பட்டு நின்றன. குளிர் பொறுக்கமாட்டாத மக்கள் அவ்வீடுகளின் உத்தரங்களையும் படிகளையும் பெயர்த்து விறகாக்கினர். தாங்குமரம் இழந்த வீடுகள் சரிந்தன. தெருக்களின் நடுவே வெற்றிடங்கள் தோன்றின.

இந்நகரில் பிறந்தவர் கான்ஸ்டண்ட் என்னும் ஓவியர் (1920–2005). அவர் 1948-இல் டென்மார்க்கு, பெல்ஜியம் நாட்டுக் கலைஞரோடு கூடிக் ‘கோப்ரா’ என்னும் குழுவை அமைத்தார். குழந்தை வரையும் படத்தில் உள்ள விடுதலையே இவர்கள் நாடியது. எனினும் 1951-இல் அவர் தீட்டியவை எரிந்த மண்ணையும் மடிந்த உயிர்களையும் பற்றியவை. இடிபாடுகளைக் கண்ட கண் அவற்றை எளிதில் மறக்குமா?

‘மனிதன் விளையாடும் உயிர்’ என்று 1938-இல் நூல் எழுதியவர் ஹாய்சிங்கா என்னும் டச்சு அறிஞர். நாசிகளால் காவலில் வைக்கப்பட்ட அவர், நாடு விடுதலை பெறுமுன்பே 1945-இல் மறைந்தார். அவர் கருத்தைக் கான்ஸ்டண்ட் பற்றிக்கொண்டார். 1956-இல் இத்தாலியின் ஆல்பா என்னும் ஊரில் நாடோடி மக்கள் ஊராரால் விரட்டப்பட்டு ஆற்றோரம் தங்கியிருந்ததை அவர் கண்டார். அவர்களுக்கென ஒரு கூடாரத்திற்கு மாதிரி செய்தார். அதிலிருந்தே ‘புதிய பாபிலோன்’ என்னும் கனவு நகர் வளர்ந்தது.

அந்நகரில் உழைப்பெல்லாம் எந்திரங்களுடையது. நிலம் அனைவர்க்கும் பொது. தூண்களின்மேல் உயர்ந்து நிற்கும் கூடங்களில் மக்கள் விரும்பியபடி உலவுவர். சுவரையும் ஒளியையும் தாமே மாற்றி அமைப்பர். நிலையான வீடு எவர்க்கும் இல்லை. கம்பியாலும் கண்ணாடி போன்ற நெகிழியாலும் இதன் மாதிரிகளைப் பல்லாண்டுகள் அவர் செய்தார்.

ஆயினும், எல்லாரும் விரும்பியதைச் செய்யும் ஊரில் ஒருவர் விருப்பம் மற்றவரோடு மோதினால் என் செய்வது? பின்னாளில் அவர் தீட்டிய அந்நகரின் ஓவியங்களில் மனித உருவங்கள் நிழல்போல் மங்கின. குருதி போன்ற கறைகளும் படிந்தன. வியட்நாம் போரின் கொடுமையும் அவர் தூரிகையில் ஏறிற்று. தம் கனவின் குறையைத் தாமே தீட்டிக் காட்டியது அவர்தம் நேர்மை. 1974-இல் அப்பணியை அவர் நிறுத்திக்கொண்டார்.

அவர்தம் நண்பர் ஆல்டோ வான் ஐக் என்னும் கட்டடக் கலைஞர் வேறொரு வழியில் நடந்தார். அவர் 1947 முதல் ஆம்ஸ்டர்டாம் நகராட்சிக்காகக் குழந்தைகளின் விளையாட்டிடங்களை வகுத்தார். சரிந்த வீடுகள் விட்டுச்சென்ற வெற்றிடங்களும் அவற்றுள் அடங்கும். காங்கிரீட்டு விளிம்புடைய மணற்குழி, தாவி நடக்கக் கற்கள், கரணமடிக்க வளைந்த உலோகக் கம்பிகள்: இவ்வளவே அவர் வைத்தவை. யானை உருவமோ, சறுக்குமரமோ இல்லை. இன்ன விளையாட்டு என்று எப்பொருளும் கட்டளையிடவில்லை. குழந்தையே அதனைப் படைத்துக்கொள்ளும். சுற்றிலும் வேலியும் பெரும்பாலும் இல்லை. ஓரிடத்தில் அமைத்ததைக் கண்டு, தம் தெருவிற்கும் வேண்டுமென மக்கள் நகராட்சிக்கு எழுதினர். 1978-க்குள் அவ்விடங்கள் ஏறத்தாழ 700 ஆயின.

புதிய பாபிலோனின் மாதிரிகளை ஹேக் நகர அருங்காட்சியகம் காத்துவருகிறது. வான் ஐக்கின் விளையாட்டிடங்களுட் பல மறைந்துவிட்டன. எஞ்சிய சிலவற்றில் குழந்தைகள் இன்றும் கம்பியில் தலைகீழாகத் தொங்குகின்றனர்.