ஆள் அனுப்ப லைசென்ஸ்: பிரிட்டனின் கேங்மாஸ்டர் சட்டம் பற்றி ஒரு குறிப்பு

ஒரு கம்பெனிக்குப் பத்து ஆள் தேவை. இன்னொருவர் ஆளைத் திரட்டி, வேனில் ஏற்றி அனுப்புகிறார். வேலை நடப்பது ஒருவர் இடத்தில், கூலி வருவது இன்னொருவர் கையிலிருந்து. கூலி குறைந்தாலோ உயிர் போனாலோ யாரைக் கேட்பது? வேலை கொடுத்தவர் "அவன் என் ஆள் இல்லை" என்பார். ஆள் அனுப்பியவரைத் தேடினால் போன் ஸ்விட்ச் ஆஃப். ஆள் சப்ளைக்கு லைசென்ஸ் வேணும்னு சட்டங்கள் சொல்வது இந்த நழுவலை அடைக்கத்தான். அதை ஓரளவு உருப்படியாகச் செய்து பார்த்த நாடு பிரிட்டன்.

அங்கே இப்படி ஆள் அனுப்புபவருக்கு கேங்மாஸ்டர் என்று பெயர். நம்ம பழைய கங்காணியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

எடுத்துவிட்டுத் திரும்பக் கொண்டுவந்த லைசென்ஸ்

பிரிட்டனில் 1973ஆம் ஆண்டுச் சட்டப்படி வேலைவாய்ப்பு ஏஜென்சிகளுக்கு லைசென்ஸ் இருந்தது. தொழிலுக்கு அநாவசியச் சுமை என்று சொல்லி 1995இல் அதை எடுத்துவிட்டார்கள்.

2004 பிப்ரவரி 5 இரவு, வடமேற்கு இங்கிலாந்தின் மோர்கம் விரிகுடாவில் சீனத் தொழிலாளர்கள் சேற்றுமணலில் மட்டி பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். கடல் ஏறும் நேரம் அவர்களுக்குத் தெரியாது. குறைந்தது 21 பேர் மூழ்கி இறந்தார்கள். அவர்களை வேலைக்கு இறக்கிய கும்பல் தலைவனுக்கு 2006இல் 14 ஆண்டுச் சிறை. மட்டியை வாங்கிய ஆங்கிலேயத் தரப்பினர் மீதும் குடியேற்றச் சட்டத்தை மீற உதவியதாக வழக்கு நடந்தது, அவர்கள் விடுதலையானார்கள்.

தொழிற்கட்சி எம்.பி. ஜிம் ஷெரிடன் கொண்டுவந்த தனிநபர் மசோதா அந்த விபத்துக்கு முன்பே நாடாளுமன்றத்தில் இருந்தது. தனிநபர் மசோதாக்கள் பெரும்பாலும் கரை சேராது. இது சேர்ந்தது. 2004 ஜூலையில் கேங்மாஸ்டர் லைசென்ஸ் சட்டம் ஆனது. 2005இல் அதற்கென்று தனி ஆணையம் வந்தது.

யாருக்கு லைசென்ஸ் வேண்டும்?

விவசாயம், தோட்டக்கலை, மட்டி சேகரிப்பு, இவை சார்ந்த உணவுப் பதப்படுத்தல், பேக்கிங் ஆகிய தொழில்களுக்கு ஆள் அனுப்பும் எவருக்கும் வேண்டும். ஆபீஸ் வெளிநாட்டில் இருந்தாலும், பிரிட்டனுக்குள் ஆள் அனுப்பினால் வேண்டும். விண்ணப்பக் கட்டணம் விற்றுமுதலைப் பொறுத்தது. லைசென்ஸை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும்.

பணம் கட்டினால் கிடைத்துவிடாது. ஆய்வாளர்கள் நேரில் வந்து கணக்கைப் பார்ப்பார்கள், தொழிலாளர்களிடம் பேசுவார்கள். முக்கியமாகப் பார்ப்பவை இவை:

- நடத்துபவர் தகுதியானவரா? பழைய குற்றம் உண்டா? பின்னாலிருந்து வேறு யாராவது நடத்துகிறார்களா?
- குறைந்தபட்சக் கூலி, வரி, விடுமுறை ஊதியம் ஒழுங்கா?
- வேலை வாங்கித் தர தொழிலாளியிடம் பணம் வாங்குகிறாரா?
- பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருக்கிறாரா? கடன், மிரட்டல் உண்டா?
- தங்க வைக்கும் இடம், ஏற்றிச் செல்லும் வண்டி எப்படி?

மிக முக்கியம் என்று குறிக்கப்பட்ட நிபந்தனைகளில் ஒன்றில் தவறினாலே லைசென்ஸ் போகலாம். கடுமையான மீறல் என்றால் அன்றைக்கே பறிக்கலாம்.

சட்டத்தின் பலம் எங்கே?

லைசென்ஸ் இல்லாமல் ஆள் அனுப்பினால் 10 ஆண்டு வரை சிறை. இது பெரிய தண்டனைதான். ஆனால் வேலை செய்கிற பிரிவு அதற்கு அடுத்தது என்று நினைக்கிறேன்: லைசென்ஸ் இல்லாதவரிடம் ஆள் எடுப்பதும் தனிக் குற்றம். "எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொல்லித் தப்ப முடியாது. லைசென்ஸ் இருக்கிறதா என்று பார்க்க நியாயமான முயற்சி எல்லாம் எடுத்தேன், சந்தேகிக்கக் காரணம் எதுவும் இல்லை என்று காட்ட வேண்டும். லைசென்ஸ் பதிவேடு யாரும் பார்க்கக்கூடிய பொதுப் பதிவேடு என்பதால், பார்க்கவில்லை என்ற சாக்கு நிற்காது.

ஆள் அனுப்புபவர் இன்றைக்கு ஒரு பேர், நாளைக்கு ஒரு பேர் என்று மாறிக்கொள்ளலாம். பண்ணையும் தொழிற்சாலையும் இடம்விட்டு ஓட முடியாது. சட்டம் பிடிக்க வேண்டிய இடம் அதுதான்.

லைசென்ஸ் இருந்தும் நடந்தது

கென்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு நிறுவனம், லிதுவேனியாவிலிருந்து வந்தவர்களைக் கோழி பிடிக்கும் வேலைக்குப் பண்ணை பண்ணையாக அனுப்பியது. கோழிப்பண்ணை வேலைக்கு ராத்திரி முழுக்க வேன் பயணம், சரியான தூக்கமில்லை, கூலியில் வெட்டு. அந்த நிறுவனத்திடம் லைசென்ஸ் இருந்தது! 2012இல் ஆணையம் அதை உடனடியாகப் பறித்தது. ஆனால் தொழிலாளர்கள் உயர் நீதிமன்றத்தில் வென்றது 2016இல். நடத்தியவர்கள் தனிப்பட்ட முறையிலும் பொறுப்பு என்ற தீர்ப்பு வர 2019 ஆகிவிட்டது.

லைசென்ஸை ஒரே நாளில் பறிக்கலாம், பிடித்து வைத்த கூலியை அப்படி வாங்கித் தர முடியாது என்பது இதில் தெரிகிறது. கொடுக்கும்போது பார்ப்பது போதாது. கொடுத்த பிறகும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு ஆய்வாளர்கள் வேண்டும், மொழி தெரிந்தவர்கள் வேண்டும்.

வேலிக்கு வெளியே

இன்னொரு குறை, தொழில்களின் எல்லை. கட்டடம், கார் கழுவும் இடம், தையல் ஆலை, துப்புரவு இவற்றுக்கு ஆள் அனுப்ப இந்த லைசென்ஸ் தேவையில்லை. கோசு வெட்ட ஆள் அனுப்பினால் வேண்டும். அதே ஆளை அதே வேனில் கார் கழுவ அனுப்பினால் வேண்டாம். 2016ஆம் ஆண்டு குடியேற்றச் சட்டம் ஆணையத்தின் பெயரை மாற்றி, எல்லாத் தொழில்களிலும் சுரண்டலை விசாரிக்கும் அதிகாரம் கொடுத்தது. லைசென்ஸ் எல்லையை மட்டும் அங்கேயே விட்டுவிட்டது.

விசாரணை என்பது தப்பு நடந்த பிறகு வருவது. லைசென்ஸ், ஆள் வேனில் ஏறும் முன்பே கேள்வி கேட்பது. எந்த நாட்டில் இப்படி ஒரு சட்டம் வந்தாலும் நான் முதலில் தேடிப் பார்ப்பது இரண்டு பிரிவுகளைத்தான்: ஆள் எடுத்தவருக்கு என்ன தண்டனை, எந்தெந்த வேலை இதற்குள் வராது. மீதிச் சட்டம் எவ்வளவு தூரம் ஓடும் என்பது அந்த இரண்டிலேயே பெரும்பாலும் தெரிந்துவிடும்.