துணி மூட்டைக்குள் ஒரு வரலாறு

பழைய ஈரானில் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள்? அரசுக் கோப்புகளில் பதில் குறைவு. பாட்டிகளின் பெட்டிகளில் நிறைய இருக்கிறது.

ஓரமெல்லாம் தங்க மை, நீலப் பூக்கொடிகள், நடுவே வளைந்து நெளியும் பாரசீக எழுத்து. பத்தொன்பதாம் நூற்றாண்டு ஈரானின் வசதியான குடும்பத்துத் திருமண ஒப்பந்தத்தை முதன்முறை பார்ப்பவர் அதை ஓவியம் என்றே நினைப்பார். படித்துப் பார்த்தால் கறாரான கணக்கு. மணமகன் தரவேண்டிய மஹர் வரிசையாக வருகிறது: ஒரு குர்ஆன், கண்ணாடி, விளக்குகள், இத்தனை தோமான் ரொக்கம், இன்ன வீட்டில் ஆறில் இத்தனை பங்கு. (எந்தச் சொத்தையும் ஆறு 'தாங்' ஆகப் பிரிப்பது ஈரானிய வழக்கம்.) சில பத்திரங்களில் இன்னொரு வரியும் உண்டு: ஓர் அடிமைப் பெண்.

ஒருத்தியின் பாதுகாப்புக்காக எழுதிய காகிதத்தில் இன்னொருத்தி கண்ணாடி, விளக்கோடு பண்டமாக நிற்கிறாள். ஈரான் அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1929ல்தான்.

கஜார் வம்சம் 1925 வரை ஈரானை ஆண்டது. அதன் அரசு ஆவணங்களில் போர், வரி, தூதர்கள் எல்லாம் கிடைக்கும். அந்தப்புரத்துப் பெண்களைப் பற்றியும் ஓரளவு கிடைக்கும்: 1848 முதல் 1896 வரை ஆண்ட நாசிருத்தீன் ஷாவுக்குப் புகைப்படப் பைத்தியம். மனைவிகளைத் தானே படமெடுத்து ஒட்டிய ஆல்பங்கள் தெஹ்ரானின் குலிஸ்தான் அரண்மனையில் உள்ளன. ஆனால் வியாபாரியின் மனைவி, முல்லாவின் மகள், நிலக்கிழாரின் விதவை? திருமணம், உயில், விற்பனை எல்லாம் மார்க்க அறிஞர் முன்னிலையில் எழுதப்பட்டன. காகிதம் சம்பந்தப்பட்டவர்கள் வீட்டுக்கே போனது. திருமணங்களை அரசு அலுவலகத்தில் பதியவேண்டும் என்ற சட்டம் 1931ல்தான் வந்தது.

அதனால்தான் 2009ல் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் வரலாற்றாசிரியர் அஃப்சானே நஜ்மாபாதி தொடங்கிய முயற்சி வீட்டுக் கதவுகளைத் தட்டியது. 'கஜார் ஈரானில் பெண்களின் உலகங்கள்' என்ற அந்த டிஜிட்டல் காப்பகத்தின் உத்தி எளிமையானது. பொருளைக் கேட்பதில்லை, படமெடுத்துக்கொண்டு திருப்பித் தந்துவிடுவது. 1979 புரட்சிக்குப் பின் பல நாடுகளில் சிதறிய குடும்பங்கள் பாட்டியின் கடைசி நினைவுச்சின்னத்தை எந்த நூலகத்துக்கும் தாரை வார்க்கப் போவதில்லை. காட்டுவதற்குத் தயங்காது.

கடிதங்கள், மஹர் பத்திரங்கள், வக்ஃப் ஏற்பாடுகள், போட்டோக்கள், குளியலறைக்கு உடை சுற்றிப்போகும் 'போக்சே' என்ற பூவேலைத் துணிகள் என்று சேர்ந்தவை எல்லாமே அன்றாடச் சரக்கு. தாத்தாவுக்கு ஷா கொடுத்த ஃபர்மானைக் குடும்பங்கள் பத்திரப்படுத்தும். பாட்டியின் கணக்குச் சீட்டு அடுப்புக்குப் போகும். எஞ்சியதே அதிர்ஷ்டம்தான்.

எஞ்சியவை காட்டும் பெண், திரைக்குப் பின்னால் முடங்கியவள் என்ற சித்திரத்தில் அடங்கவில்லை. மார்க்கச் சட்டப்படி மனைவியின் சொத்து அவளுடையதே. அவள் வாங்கினாள், விற்றாள், கடன் கொடுத்தாள், பத்திரத்தில் சொந்த முத்திரை குத்தினாள். வாரிசுரிமையில் மகளுக்கு மகனில் பாதிதான் என்பதால், தந்தை உயிரோடிருக்கும்போதே 'சுல்ஹ்' ஒப்பந்தம் எழுதி மகளுக்குச் சொத்தை மாற்றிவிடவும் வழி இருந்தது. அதே பத்திரங்களில் அவள் பெயருக்கு முன்னால் 'திரைக்குள் இருப்பவள்', 'கற்புடையவள்' என்று அடைமொழிகள் அணிவகுக்கும். ஆண்களோ பேச்சில் மனைவியை 'மன்ஸில்', அதாவது 'வீடு', என்று குறிப்பிட்டார்கள். 'எங்க வீட்ல' என்று சொல்லும் தமிழ்க் கணவர்கள் தனியாக இல்லை.

எல்லாக் காகிதமும் குடும்பத்துக்குப் பெருமை சேர்ப்பதல்ல. ஷியா சட்டம் அனுமதிக்கும் தற்காலிகத் திருமணமான 'சீகே'யின் ஒப்பந்தங்களும் மூட்டைகளில் உண்டு. குறித்த கெடு, குறித்த தொகை. அதை அனுபவித்த மனைவியின் குரலும் தப்பிப் பிழைத்திருக்கிறது. பெண்களை அடக்கி வளர்க்க உபதேசித்த ஒரு நூலுக்குப் பதிலடியாக 1890களில் பீபி கானும் அஸ்தராபாதி 'ஆண்களின் குறைகள்' என்று ஒரு நூல் எழுதினார். கணவர் வீட்டுப் பணிப்பெண்ணையே சீகேயாக வைத்துக்கொண்டதை அதில் ஒளிக்காமல் சொல்கிறார். 1907ல் தெஹ்ரானில் தன் வீட்டிலேயே பெண்கள் பள்ளியும் திறந்தார். அவரது மகன் அலி நகி வஸீரி பாரசீக இசையில் பெரும்புள்ளி ஆனார். அம்மாவின் நூல் அச்சேறியது 1992ல்.

காகிதத்தையாவது படமெடுத்துக் காப்பாற்றலாம். போட்டோக்கள்தான் சிக்கல். குடும்பப்பெயர் வைப்பது சட்டமானது 1920களில். அதற்கு முந்தைய படங்களில் நிற்கும் பெண்கள் இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி என்ற அளவிலேயே அறியப்பட்டவர்கள். பின்பக்கம் எதுவும் எழுதியிராத படத்தில் யார் யார் என்று சொல்ல, வீட்டின் மூத்தவர் யாராவது உயிரோடு இருக்கவேண்டும். அதனால்தான் காப்பகம் பொருட்களோடு நிற்காமல், முதியவர்களின் குரலையும் பதிவு செய்தது.