ஒட்டுப்போட்ட கேபிளில் நிழல் உருவம் ஏன்?

பாகான் டாலாம் போன்ற கடலோரப் பகுதியில், வீட்டு வாசலில் உள்ள பழைய அனலாக் சிசிடிவி கேமராவின் கேபிள் அறுந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். இரு முனைகளையும் முறுக்கி டேப் சுற்றினால் படம் வரும். ஆனால் மங்கலாக, சில வேளை நிழல் உருவத்தோடு வரும். திருடன் வந்தாலும் முகம் தெரியாது!

காரணம் என்ன? கோஆக்சியல் கேபிளின் நடுவில் செப்புக் கம்பி; அதைச் சுற்றிப் பிளாஸ்டிக்; அதன்மேல் கம்பி வலை. கம்பிக்கும் வலைக்கும் இடைவெளி மாறாதவரை கேபிளின் மின்மறுப்பு எங்கும் 75 ஓம். முறுக்கிய இடத்தில் இடைவெளி குலைவதால், சமிக்ஞையின் ஒரு பகுதி எதிரொலிபோல் திரும்புகிறது.

சரியான முறை இதுதான்: மின்சாரத்தை நிறுத்தி, சேதமான பகுதியை வெட்டி நீக்க வேண்டும். இரு முனைகளிலும் பி.என்.சி. இணைப்பிகளைப் பொருத்தி, இடையில் இணைப்புக் குழலால் பூட்ட வேண்டும். உப்புக் காற்று செம்பை அரிக்காதிருக்க, மேலே நீர்புகாத ரப்பர் டேப் சுற்ற வேண்டும்.

அதே எதிரொலி பழுதைத் தேடவும் உதவும். சோதனைக் கருவி அனுப்பும் மின்துடிப்பு, கேபிளில் 1 நானோவினாடிக்கு ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் செல்லும். அது 200 நானோவினாடியில் திரும்பினால், போய்வந்த தூரம் 40 மீட்டர். பழுது 20 மீட்டரில் இருக்கிறது. சுவரை உடைத்துத் தேட வேண்டியதில்லை.