பழவேற்காடு துறைமுகமும் காட்டுப்பள்ளிக் கப்பல் கட்டும் தளமும்

பழவேற்காடு என்பது திருவள்ளூர் மாவட்டம், பொன்னேரி வட்டத்தில் உள்ள பழைய துறைமுக ஊர். கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்குக் கிழக்கே, பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தின் அருகில் இது அமைந்துள்ளது. ஐரோப்பிய ஆவணங்களில் இவ்வூர் 'புலிகாட்' எனப்படுகிறது. இதற்குத் தெற்கே அதே கடற்கரையில் உள்ள காட்டுப்பள்ளியில் இன்று கடலோரக் காவல்படைக்கும் கடற்படைக்கும் கப்பல்கள் கட்டப்படுகின்றன.

முகத்துவாரம்

ஆரணி ஆறு, காளங்கி, சுவர்ணமுகி ஆகியவற்றின் நன்னீரும் கடல் நீரும் கலக்கும் பழவேற்காடு ஏரி, சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். காற்றும் அலையும் கடுமையாக உள்ள சோழமண்டலக் கரையில் சிறு படகுகளுக்கு இது நல்ல ஒதுங்கிடம். ஆனால் இக்கரையோரமாக அலைகள் ஆண்டுதோறும் பெருமளவு மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகின்றன. ஆற்றில் வெள்ளம் குறையும் மாதங்களில் இம்மணல் முகத்துவாரத்தை அடைத்துவிடும். இதனால் பெரிய கப்பல்கள் ஒருபோதும் ஏரிக்குள் வந்ததில்லை. அவை கடலில் தொலைவாக நங்கூரமிட்டு நிற்க, சரக்கு படகுகளில் போய் வந்தது.

டச்சுக்காரர் காலம்

விசயநகரப் பேரரசின் காலத்திலேயே இங்கிருந்து மலாக்கா, பெகு முதலிய இடங்களுக்குத் துணி ஏற்றுமதியானது. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துகீசியர் குடியேறினர். இரண்டாம் வேங்கடரின் அனுமதியுடன் 1610இல் டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி பண்டகசாலை அமைத்தது. அதை 1612இல் போர்த்துகீசியர் தாக்கி அழித்தனர். அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. நெதர்லாந்தின் கெல்டர்லாந்து மாகாணத்தின் பெயரே கோட்டைக்கு இடப்பட்டது.

கம்பெனிக்கு வேண்டியிருந்தது வண்ணத் துணி. இந்தோனேசியத் தீவுகளில் மிளகு, கிராம்பு, சாதிக்காய் ஆகியவற்றைத் துணி கொடுத்தே எளிதில் வாங்க முடிந்தது. கோட்டையில் நாணயச்சாலையும் வெடிமருந்து ஆலையும் இயங்கின. பஞ்சத்தாலும் போராலும் அடிமைகளாக விற்கப்பட்ட மக்களும் இங்கிருந்து பத்தாவியாவுக்கு ஏற்றப்பட்டனர். பழவேற்காட்டின் வணிகப் புகழைப் பேசுவோர் பலர் இதைச் சொல்லாமல் கடந்துவிடுகின்றனர்.

1690இல் டச்சுத் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. சென்னையில் ஆங்கிலேயரின் வணிகமும் வளர, பழவேற்காடு தளர்ந்தது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து இரு தரப்பினரிடையே கைமாறி, 1825இல் முழுமையாக ஆங்கிலேயர் வசமானது. கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. வாயிலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் உள்ள டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது.

பழைய படகுகள்

சோழமண்டலக் கரையில் 17ஆம் நூற்றாண்டில் பெரிய கப்பல்களைக் கட்டிய இடங்களில் முதன்மையானது, கோதாவரியின் கழிமுகத்தில் உள்ள நரசாப்பூர். மேல்நாட்டுக் காடுகளின் தேக்கு ஆற்றில் மிதந்து அங்கு வந்தது. ஆங்கிலேயரும் டச்சுக்காரரும் அங்கே கப்பல்களைக் கட்டவும் பழுதுபார்க்கவும் செய்தனர். ஆரணி ஆற்றுக்குப் பின்னே அத்தகைய தேக்குக் காடு இல்லை.

இப்பகுதிக் கடற்கரைக்கு உரியவை கட்டுமரமும் மசூலாப் படகும். மசூலாவின் பலகைகள் ஆணியால் அறையப்படாமல் தென்னங்கயிற்றால் தைக்கப்பட்டவை. அலை மோதும்போதும் தரை தட்டும்போதும் பலகைகள் சற்றே நெகிழ்ந்துகொடுப்பதால் படகு உடைவதில்லை. ஐரோப்பியரின் உறுதியான படகுகள் இந்த அலையைக் கடக்கத் திணறின. ஆகவே கப்பல் எந்த நாட்டினுடையதாயினும், சரக்கு கரை சேர்ந்தது உள்ளூர்ப் படகோட்டிகளின் கையில்தான்.

காட்டுப்பள்ளி

மணலை வெல்ல இக்காலத்தில் கண்ட வழி, கடலுக்குள் நீளும் அலைதடுப்புச் சுவர்களை எழுப்பி ஆழமான துறைமுகம் அமைப்பது. கொசஸ்தலை ஆறு கடலில் சேரும் எண்ணூர் முகத்துவாரத்துக்கு வடக்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் காமராசர் துறைமுகம். அதை அடுத்துக் காட்டுப்பள்ளியில் லார்சன் அண்டு டூப்ரோ நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமும் கூட்டாகத் துறைமுகத்தையும் கப்பல் கட்டும் தளத்தையும் அமைத்தன. துறைமுகம் 2018இல் அதானி குழுமத்துக்கு மாறியது. கப்பல் தளம் லார்சன் அண்டு டூப்ரோவிடமே உள்ளது.

இங்கு கப்பல் சரிவுப் பாதையில் வழுக்கி இறங்குவதில்லை. தரையில் கட்டப்பட்ட கப்பல் தண்டவாளத்தின் மேல் நகர்த்தப்பட்டு ஒரு பெரிய மேடைக்கு வரும். மேடை மெல்ல நீருக்குள் இறங்க, கப்பல் மிதக்கும். பழுதுபார்க்க வரும் கப்பலை இதே மேடை மேலே தூக்கும். கடலோரக் காவல்படைக்கு இத்தளம் கட்டிய 7 ரோந்துக் கப்பல்களில் முதலாவதான 'விக்ரம்' 2018இலும், கடைசியான 'விக்ரகா' 2021இலும் பணியில் சேர்ந்தன. 2022 ஆகஸ்டில் அமெரிக்கக் கடற்படையின் 'சார்லஸ் ட்ரூ' பழுதுபார்ப்புக்கு வந்தது. அமெரிக்கக் கடற்படைக் கப்பல் ஒன்று இந்தியாவில் பழுதுபார்க்கப்பட்டது அதுவே முதல் முறை.

கரையரிப்பு

அலைதடுப்புச் சுவர் மணலை ஒழிப்பதில்லை, தடுத்து நிறுத்துகிறது. சுவருக்குத் தெற்கே மணல் சேர, அது போய்ச் சேரவேண்டிய வடகரை அரிக்கப்படுகிறது. காட்டுப்பள்ளிக்கு வடக்கே கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவே இருப்பது குறுகலான மணல்திட்டு. துறைமுகத்தைப் பலமடங்கு விரிவாக்கும் திட்டத்தை மீனவர்கள் எதிர்ப்பதற்கு இது முக்கியக் காரணம். திட்டு உடைந்தால் கடல் ஏரிக்குள் புகும் என்கின்றனர்.

பழவேற்காட்டிலோ சிக்கல் நேர்மாறானது. முகத்துவாரம் தூர்ந்துவிடும் மாதங்களில் படகுகள் கடலுக்குப் போக முடிவதில்லை, இறால் குஞ்சுகளும் ஏரிக்குள் வர வழியில்லை. முகத்துவாரத்தின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி அதை எப்போதும் திறந்து வைக்க வேண்டும் என்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. தமிழ்நாடு அரசு அதற்கான பணியை மேற்கொண்டது.