நாற்காலியை வரையாமலே நாற்காலி வரும், தெரியுமா?

பெங்களூரை அடுத்த சந்தாபுராவில் டீக்கடை வாசலில் கிடக்கும் சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை வரைந்து பார்த்திருக்கிறீர்களா? நான் வரைந்தபோதெல்லாம் நான்கு கால்களும் ஒரே நீளத்தில் வந்து நாற்காலி அந்தரத்தில் மிதந்தது. ஒருநாள் நாற்காலியையே மறந்துவிட்டு, கைப்பிடிக்குக் கீழே தெரிந்த கோணல் ஓட்டையை மட்டும் வரைந்தேன். அடுத்து, கால்களுக்கு நடுவே தெரிந்த தரைத்துண்டு. பிறகு முதுகுச் சட்டங்களுக்கு இடையிலான ஒல்லிக் கீற்றுகள். நிமிர்ந்து பார்த்தால் தாளில் ஜம்மென்று நாற்காலி உட்கார்ந்திருக்கிறது!

இதைத்தான் ஓவியர்கள் நெகடிவ் ஸ்பேஸ் என்கிறார்கள். பொருளைச் சுற்றியும் ஊடேயும் இருக்கும் காலி இடம். இது ஏன் பலிக்கிறது தெரியுமா? நாற்காலி என்றதுமே மூளை, தான் மனப்பாடம் செய்துவைத்த நாற்காலியைக் கைக்குத் தள்ளிவிடுகிறது. அந்தக் கோணல் ஓட்டைக்குப் பெயரும் கிடையாது, மனப்பாடமும் கிடையாது. கண் பார்த்தே தீர வேண்டும்! அமெரிக்க ஓவிய ஆசிரியை பெட்டி எட்வர்ட்ஸ் 1979இல் வெளியிட்ட புத்தகத்தில் இதைத் தனிப் பயிற்சியாகவே வைத்திருக்கிறார்.

காலி இடம் சிற்பத்திலும் பேசும். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் திருவாலங்காட்டு வெண்கல நடராசர் இருக்கிறார். பிரெஞ்சுச் சிற்பி ரோடின் அவரை நேரில் பார்க்காமல், புகைப்படங்களை மட்டும் வைத்துக்கொண்டு 1913இல் உருகி உருகி எழுதினார், தெரியுமா? நீங்கள் நேரில் போனால், தூக்கிய திருவடிக்கும் அதன் மேலே குறுக்கே வீசிய கைக்கும் நடுவே இருக்கும் வெளியைப் பாருங்கள். ஆட்டத்தின் வேகமே அங்கேதான் இருக்கிறது. அதை அடைத்துவிட்டால் வெண்கலம் அசையாது என்பேன்.

எழுத்துகளுக்கு நடுவிலும் இதே வித்தைதான். ஓசூர் ரோட்டில் ஃபெடெக்ஸ் கூரியர் வண்டி போனால், அதன் பெயரில் கடைசி இரண்டு ஆங்கில எழுத்துகளின் இடைவெளியை உற்றுப் பாருங்கள். வெள்ளை அம்புக்குறி! 1994இல் அந்தச் சின்னம் வந்ததிலிருந்து அங்கேயேதான் இருக்கிறது.

2025 ஆகஸ்டில் ஓடத் தொடங்கிய மஞ்சள் மெட்ரோ, நம் சந்தாபுராவுக்குச் சற்று முன்னால் பொம்மசந்திராவில் முடிகிறது. அந்தப் பாதையைத் தாங்கும் தூண்களை வரையாதீர்கள். தூண்களுக்கு நடுவே தெரியும் வானத்தை வரையுங்கள். பக்கத்தில் அகலக் கட்டம், தள்ளி விரலளவு, அதற்கப்பால் நூலளவு. தூரம் தானாகத் தாளில் இறங்கிவிடும்!

இந்தக் காலி இடங்களைக் கண்ணில் பிடிக்க, பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஓட்டை வெட்டுங்கள். ஒரு கண்ணை மூடி, அதன் வழியே உங்கள் வீட்டு நாற்காலியைப் பாருங்கள். இன்றைக்கே ஓர் ஓட்டையை வரைந்துவிடுங்கள்.